பெயர் சேர்க்கை

தண்டையார்பேட்டை மண்டல அலுவலகம்,
படியேறினால் இடப்பக்கம்,
சுற்றாத மின்விசிறிக்கு நேர்கீழே என் கணினி.
பிறப்புப் பதிவில் பெயருக்கான கட்டம்
பெரும்பாலும் காலியாகத்தான் வரும்.
நிரப்புவதற்கு ஒரு வருஷம் இலவசம்.
அதற்குள் பொங்கல், கோடை, தீபாவளி என்று
மூன்று ரிலீஸ் வந்துபோய்விடும்.

படம் ஓடுகிறதா என்று
நான் யாரையும் கேட்பதில்லை.
வெள்ளிக்கிழமை திரைக்கு வந்தவன்
மறுமாதம் என் விரல்களுக்கு வருவான்.
போன பங்குனியில் ஒரே வாரம்
பதினோரு ருத்விக்.
கொருக்குப்பேட்டை ருத்விக், நேதாஜி நகர் ருத்விக்,
இரட்டையரில் மூத்தவன் ருத்விக்;
இளையவனுக்கு இன்னும் படம் வரவில்லை.
எண்கணிதத்துக்காக
எச் ஒன்று கூடப் போடச் சொன்னார் ஒருவர்.
போஸ்டரில் அப்படி இல்லையே என்று
போனைப் பெரிதாக்கிக் காட்டினார்
அவருக்குப் பின்னால் நின்றவர்.

பெயரை மாற்றக் கேட்டும் ஒருவன் வந்தான்.
டீசரைப் பார்த்தே வைத்துவிட்டானாம்.
படம் வந்த பிறகு பார்த்தால்
நண்பனைக் காட்டிக்கொடுப்பவனுக்குத்தான் அந்தப் பெயர்.
"ஏத்தறதுக்குத்தான் இங்க ஃபாரம்.
இறக்கணும்னா கெஜட்டுக்குப் போங்க."
துரோகி அவன் தோளில்
எச்சில் வடித்துக்கொண்டிருந்தது.

தேசிங்கு வந்தது ஒரு மழைநாள்.
காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவன்;
கை பட்ட இடமெல்லாம் படிவம் ஊறியிருந்தது.
பெண் குழந்தை.
பொற்கொடி.
நிமிர்ந்து பார்த்தேன்.
இந்தப் பெயரைத் தட்டி எட்டு வருஷமாவது இருக்கும்.
"குலதெய்வமா?"
"இல்ல மேடம். படத்துல வரும்."
ருத்விக் படம்தான்.
"அதுல கதாநாயகி பேரு வேறயாச்சே?"
"கதாநாயகி இல்ல. ஆஸ்பத்திரி சீன்ல ஒருத்தி.
கோமளா ஏழாம் மாசம் பாத்துச்சு.
பொண்ணுன்னா இதான்னு அப்பவே சொல்லிடுச்சு."
ஏன் என்று அவனுக்கும் தெரியவில்லை.
இனிமேல் கேட்க வழியில்லாதவன் போல
படிவத்தின் மூலையையே பார்த்தான்.
எங்கள் அறையில் இரண்டு பதிவு.
மற்றது பக்கத்து மேஜையில்.
நான் பேசாமல் தட்டினேன்.
ற் விழுந்திருக்கிறதா என்று இருமுறை பார்த்தேன்.

பொங்கலுக்கு டி.வி.யில் போட்டார்கள்.
குக்கரை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.
ருத்விக் பறந்தான்.
பாலத்திலிருந்து லாரி விழுந்தது.
நடுநடுவே நான்கு நகைக்கடைகள்.
இரண்டு மணி நேரம் கழித்துத்தான் ஆஸ்பத்திரி.
ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு எல்லோரும் ஓட,
ஓரத்தில், மங்கலாக,
நீலப் புடவையில் ஒருத்தி தரை துடைக்கிறாள்.
"பொற்கொடி, வழி விடு!"
திரும்புகிறாள்.
வாளியை நகர்த்துகிறாள்.
அவ்வளவுதான்,
மூன்று வினாடி இருந்தால் அதிகம்.
ஆனால் அவள் பதறவில்லை.
ஊரே ஓடுகிற காட்சியில்
துடைத்த தரையில் பதிந்த கால்தடங்களைப் பார்த்து
நின்றுகொண்டிருக்கிறாள்.
கேமரா போய்விட்டது.
மீதிப் படத்தில் என்ன நடந்ததென்று
கேட்டால் சொல்லத் தெரியாது எனக்கு.

என் பெயரும் படத்தில் வந்ததுதான்.
அப்பா நான்கு தடவை பார்த்தாராம்.
கடைசி ரீலில் இருமி இருமிச் சாகிறவள்.
இடைவேளைக்குமேல்
நான் பார்த்ததே இல்லை.

மாசியில் இன்னொரு நகல் வேண்டுமென்று
தேசிங்கு வந்தான், ஆதாருக்காக.
இம்முறை தோளில் குழந்தை.
மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
டோக்கன் எண்ணைத்தான் கூப்பிட வேண்டும்.
அறுபத்தேழு.
நான் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவள்
மெதுவாக,
அவசரமே இல்லாமல் திரும்பினாள்.

வரிசை கொஞ்சம் வழி விட்டது.