கால் அங்குலம்

கல்குளம் தாலுகாவில் நிலம் அளப்பது என் வேலை.
பகலில் பிரிக்கிறேன்:
நாலரை சென்ட், மூன்றேகால் சென்ட்,
கிணற்றுக்குப் போக மூன்றடி வழி.
இரவில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு
தையல் மிஷினைத் தூக்கி வைக்கிறேன்.
இரவில் சேர்க்கிறேன் என்று சொன்னால்
அழகாகத்தான் இருக்கும்.
ஆனால் நல்ல துணியை முதலில்
நூறு துண்டாக வெட்டுகிறவளும் நான்தான்.

முடியாமல் கிடக்கும் போர்வைகள் மூன்று.
பெட்டிக்குள் இருப்பதையும் கணக்கெடுத்தால் நான்கு.
ஒவ்வொன்றுக்கும் நான் அளந்த இடத்தின் பெயர்.

கல்லுவிளை:
நடுவில் சிவப்புச் சதுரம், சுற்றிலும் பட்டைகள்,
ஆள் பெருகப் பெருக அறை இறக்கிய வீடு மாதிரி.
பதினோரு கட்டம் ஆயிற்று,
பன்னிரண்டாவதற்குச் சிவப்பு இல்லை.
திங்கள்சந்தையில் கிலோவுக்கு வெட்டுத்துணி விற்கும்
மைதீன் பாத்து சொல்கிறார்:
"அது கட்சிக்கொடி மிச்சமாக்கும் மேடம்,
இனி அடுத்த எலெக்‌ஷனுக்குத்தான்."
காத்திருக்கிறேன்.

சானல்கரை, முழுக்க நீலம்.
மூன்று அடுக்கையும் இருநூறு ஊக்குகளால் பிடித்து வைத்தேன்.
எடவப்பாதி மழையில் ஊக்குகள் துருவேறி
நீலமெங்கும் பழுப்புப் புள்ளி.
மீன் என்று சொல்லிக்கொள்ளலாமா?

பனவிளைதான் பெட்டியில் இருப்பது. கேட்க வேண்டாம்.

மாவிளை முக்கோணங்கள்.
முக்கோணத்தை முக்கோணமாக வெட்டக் கூடாது,
குறுக்கே வெட்டிய துணி கை பட்டாலே நீளும்.
இரண்டு சதுரம், முகத்தோடு முகம்.
மூலைக்கு மூலை பென்சில் கோடு.
கோட்டுக்கு இந்தப் பக்கம் கால் அங்குலத்தில் ஒரு தையல்,
அந்தப் பக்கம் ஒன்று.
பிறகு கோட்டின் மேலேயே கத்தரி.
திறந்தால் இரண்டு சதுரம், ஒவ்வொன்றிலும் இரண்டு நிறம்.
எத்தனை தடவை செய்தாலும்
திறக்கும்போது வாய் பிளக்கிறேன்.

நூலை அறுக்காமல் வரிசையாக விட்டால்
மேசைக்குப் பின்னால் தோரணமாக இறங்கும்.
டென்னிசன் ஃபுட்பால் பார்த்தபடி வெட்டித் தருவார்,
கோல் விழுந்தால் துணியையும் சேர்த்து.

தையலுக்குள் போனது வெளியே தெரியாது.
முப்பது தையலுக்குப் பதினைந்து அங்குலம் உள்ளே போகிறது,
யாரும் மனு கொடுப்பதில்லை.

பள்ளியாடியில் அப்படி இல்லை.
தோபியாசும் தம்பி ரசலமும்
மூன்று லிங்குக்காக ஒன்பது வருடம்.
கல் நட்டேன். பிடுங்கினார்கள். நட்டேன்.
இருவருக்கும் ஒரே வரைபடம் கொடுத்தேன்.
நம்பவில்லை, அதில் மட்டும் ஒற்றுமை.

அந்த வாரம்தான் கண்டுபிடித்தேன்,
கிறிஸ்துமசுக்குப் பிறகு தைத்த கட்டமெல்லாம்
ஒரு நூல் குறைவு.
மிஷினுக்குப் புதிதாக மாட்டிய பாதத்தின் விளிம்பைக்
கால் அங்குலமென்று நம்பியிருக்கிறேன்.
ஸ்கேல் வைத்துப் பார்க்கவேயில்லை.
டென்னிசனிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

நீளமும் குட்டையும் சேர வேண்டி வந்தால்
நீளத்தைக் கீழே போட வேண்டும்.
மிஷினின் பல் மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும்.
மேலே இருப்பதைச் சும்மா பிடித்தால் போதும்,
இழுக்கக் கூடாது.

ஞாயிறு சாயங்காலம் மழை விட்ட நேரம்
தோபியாஸ் வீட்டுக்கே வந்துவிட்டார்,
பிளாஸ்டிக் உறையில் மனு, பழைய பிரமாணம்.
மாவிளை ஹாலில் விரிந்து கிடந்தது, எண்பது கட்டம்.
செருப்பை வெளியே விட்டு
ஓரமாக நின்று பார்த்தார்.
"கொள்ளாம்" என்றார்.
பிறகு குனிந்து,
"மூணாவது வரியில அஞ்சாவது
திரும்பியில்லா கெடக்கு சாறே."

உண்மைதான்.
எல்லாவற்றுக்கும் வலது தோள் கறுப்பு,
அதற்கு இடது.
நாலு மாதமாக அதன் மேல்தான் குனிந்திருக்கிறேன்.
மனுவை வாங்கிக்கொண்டேன்.
டீ போட்டேன்.

பிரிக்கவென்று அந்த இடத்தில் ஊசி குத்தி
இன்றைக்குப் பன்னிரண்டு நாள்.
காலையில் பள்ளியாடிக்குச் சங்கிலி கொண்டு போகிறேன்,
முதல் கல்லிலிருந்து, மறுபடி.