புதிய வெட்டு

முதலில் தோட்டத்து மண்வெட்டி.
மார்ச் உறைபனியில் இரண்டாம் நாளே
கழுத்து மடிந்து கும்பிடு போட்டது.
பிறகு பல்பொருள் அங்காடியில், மலிவு விலையில்,
ஒரு கைக்கரண்டி. கேக் எடுக்கலாம் அதில்.
பிறகு பட்டாளத்து மடக்கு மண்வாரி:
மடங்க வேண்டியபோது மடங்காமல்
மடங்கக் கூடாதபோது மடங்கி
என் சுண்டுவிரல் நகத்தைத் தின்றது.
பேருந்து ஓட்டுகிறவளுக்கு விரல் பத்தும் வேண்டும்.

மோர்ஸ் தீவில் ஹோல்கர் கடையை விட்டால் வேறில்லை.
பன்றித் தீவனம், வேலிக் கம்பி எல்லாம் தாண்டிப்
பின்சுவரில் தொங்கிக்கொண்டிருந்தன.
விலை கேட்டேன். "எந்த மண்?" என்றான்.
எப்பேயின் பார்லி வயல். களி.
மழை பெய்தால் பூட்ஸை வைத்துக்கொண்டு
காலை மட்டும் திருப்பித் தரும்.

"அப்படியானால் சல்லடை அகப்பை வேண்டாம்.
அது கடற்கரைக்கு,
கழன்ற மோதிரம் தேடுகிறவர்களுக்கு.
கொத்தும் வேண்டாம்.
ஓங்குகிறவன் பாதி நேரம் கண்ணை மூடிக்கொள்கிறான்."
எடுத்துக் கொடுத்தது ஒடுங்கிய நீள அலகு,
இரண்டு ஓரமும் ரம்பப் பல்,
தலையில் குறுக்குப் பிடி.
சுண்டினேன். மணிபோல் பேசியது.
பல்லைத் தடவினேன், ரத்தத்துக்கு ஒரு நூல் முன்னால் நின்றது.
கூர்மையைத்தான் அன்று
கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன்.

அறுவடை முடிந்த ஞாயிறு.
கருவி தகரத்துக்குக் கரகரக்கும், ஆணிக்கு முனகும்.
இது வேறு. இடையில் விக்காத
ஒரே குரல்.
உள்ளங்கை அகலம் தள்ளி
அலகை ஊன்றி, ஏறி மிதித்தேன்.
வேர் அறுந்தால் எனக்குத் தெரியும், நரநரக்கும்.
கல் என்றால் முழங்கால்வரை ஏறும்.
இது
நறுக்.
கேரட் போல.

குழியின் இந்தச் சுவரில் பாதிப் பறவை.
அந்தச் சுவரில் மீதி.
எவளோ ஒருத்தியின் தோளில்
துணியைக் கவ்விக்கொண்டிருந்த வெண்கல ஊக்கு.
மேலெல்லாம் பாசிப்பச்சை,
வெட்டுவாயில் மட்டும் மஞ்சள்,
இன்று காலை வார்த்ததுபோல.
வார்த்தவனுக்குப் பிறகு யாரும் பார்க்காத நிறம்.
நான் பார்த்தேன். மண்வெட்டி எனக்கு முந்திக்கொண்டது.

அருங்காட்சியகத்தில் சோல்வை திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.
கையுறை மாட்டி, இரண்டு பாதியையும்
தனித்தனியாக எடை போட்டு,
அட்டையில் எழுதினாள்: வயல், ஆழம், தேதி.
பழைய சிதைவு: இல்லை.
புதிய வெட்டு: ஒன்று.
வெட்டியவர் என்று அட்டையில் கட்டம் கிடையாது.
கண்டெடுத்தவர் என்ற கட்டத்தில் என் பெயர்.
"எவ்வளவு தள்ளி வெட்டினீர்கள்?"
உள்ளங்கையைக் காட்டினேன்.
அவள் எதுவும் சொல்லாமல்
தன் முழங்கையை மேசைமேல் கிடத்தினாள்,
விரல் நுனிவரை நீட்டி.

ஹோல்கரிடம் திரும்பப் போனேன்.
"ஏன், பல் போதவில்லையா?"
சிவப்பு ஒட்டுநாடா ஒன்று மட்டும் வாங்கினேன்.
பிடியில் ஒரு முழம் அளந்து சுற்றினேன்.
அடுக்களையிலிருந்து கஞ்சி கிண்டும் மரத்துடுப்பு
பைக்குள் வந்தது.
இரண்டு வாரம் கஞ்சி அடிப்பிடித்தது.

இப்போது பிடியைத் தரையில் படுக்கவைத்து
ஒலிக்கும் இடத்திலிருந்து ஒரு முழம் விலகி
வட்டமாக அறுக்கிறேன். அறுப்பதோடு இரும்புக்கு வேலை முடிந்தது.
மண்டியிட்டு, கட்டியைக் கையால் உடைத்து,
துடுப்பால் சுரண்டி, நின்று, மறுபடி சுரண்டி.
எப்பே டிராக்டரை நிறுத்தி எட்டிப் பார்த்தார்.
"யாருக்கு இந்தக் குழி?"
"எலிக்கு" என்றேன்.
மலையைக் கெல்லிக்கொண்டிருந்தேன் அரைமணி நேரம்.
வந்தது.

பியர் மூடி.
ஓரத்து நெளிவெல்லாம் எண்ணி எடுக்கலாம்,
எழுத்துகூட அழியவில்லை,
ஒரு கீறல் இல்லை.