இறக்கிச் சொல்

பெட்டிக்குள் மீன்சாறு கொட்டிவிட்டது.
திருச்சி விமான நிலையத்திலிருந்து காரைக்குடி வரை
கண்ணாடியை இறக்கிவிட்டே ஓட்டினேன்.
கீரனூர் தாண்டுமுன்
மாமனார் ஒரு முறை மன்னிப்புக் கேட்டதாகத்
தூய் சொன்னாள்.
ஏழெட்டு முறை கேட்டமாதிரி இருந்தது எனக்கு.

சுப்பிரமணியபுரத்தில் மாடி வீடு, இரண்டு அறை.
கட்டிலை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு
வாஷிங் மெஷின் பக்கத்தில் பாய் விரித்தோம்.
நான்கு வருஷமாகிறது அவள் இங்கே வந்து.
பேட்டரி ஆய்வகத்தில் இது இரண்டாவது ஒப்பந்தம்.
கீழ்வீட்டு மெய்யம்மைக்கு அவள் தூயமணி.
"அம்மா வந்துட்டாகளா தூயமணி?"
கேள்வியோடு ஒரு தூக்கு வெள்ளைப் பணியாரமும்
படியேறி வந்தது.

சந்தையில் வாழைப்பூவைக் கண்டதும்
அத்தைக்கு முகமே மாறிவிட்டது.
வந்து உட்கார்ந்து மடலையெல்லாம் மயிரிழையாய் நறுக்கினார்,
உள்ளிருந்த பூவை முறத்தோடு குப்பைக்கு எடுத்தார்.
"ஐயோ, அதுதானே வேணும்!" என்று மெய்யம்மை பிடுங்கிக்கொண்டார்.
நாங்கள் எறிவது அவர்களுக்குக் கறி,
அவர்கள் எறிவது எங்களுக்கு.
ஒவ்வொரு பூவிலும் கள்ளனை எடுக்கவேண்டும் என்று
மெய்யம்மை காட்டிக்கொடுத்ததைத்
தூய் சொல்லுக்குச் சொல் பெயர்த்தாள்.
அத்தை என்னைத் திரும்பிப் பார்த்துச்
சிரி சிரி என்று சிரித்தார்.

என்னை அவர் கூப்பிடுவது கோன்.
இங்கே அரசன்,
கான் தோவில் பிள்ளை.

ஞாயிற்றுக்கிழமை கடல் பார்க்கவேண்டும் என்றார் மாமனார்.
பின்சீட்டில் அம்மாவும் மகளும்.
தேவகோட்டை ரஸ்தாவில் தொடங்கிய பேச்சு
திருவாடானைக் கோபுரம் தெரியும்வரை ஓயவில்லை.
அத்தையின் குரல் ஏறும், இறங்கும்,
ஓரிடத்தில் முறிந்து நிற்கும், மறுபடி ஏறும்.
என்ன சொல்றாங்க?
"வயலெல்லாம் காஞ்சு கிடக்குன்றாங்க."
அத்தனை கிலோமீட்டருக்கும்
நாலே சொல்.

அவர்கள் மொழியில் எனக்குத் தெரிந்தவை இருபது இருக்கும்.
அதில் ஒன்று வே. வீடு திரும்பு.
நாலு தடவை வந்தது, எண்ணினேன்.
கண்ணாடியில் தூயைப் பார்த்தேன்.
அவள் கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொண்டியில் அலை இல்லை.
கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு மாமனார்
நடந்தார் நடந்தார்,
தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறவில்லை.
இப்படியே நேரே போனால் எங்கள் ஊரா?
இலங்கை குறுக்கே நிற்கும் என்றேன்.
காற்றில் கையால் ஒரு வளைவு போட்டார்,
அதற்கென்ன, சுற்றிக்கொண்டு போகலாமே.
அப்புறம் விரலை நனைத்து நாக்கில் வைத்து
மகளிடம் ஏதோ சொன்னார்.
அதைத் தூய் எனக்குச் சொல்லவில்லை.

பதினெட்டாம் நாள் இரவு விமானம்.
அத்தை என் சட்டைக் காலரைச் சரிசெய்தபடி
கோன் என்று தொடங்கி
நீளமாக, மெதுவாக, ஏதோ சொன்னார்.
தூய் வாயைத் திறந்தாள், மூடினாள்.
"சாப்பிட்டுட்டு வண்டி ஓட்டணுமாம்."

திரும்பும்போது டிக்கி காலி,
மீன்சாற்று வாடை மட்டும்.
யாரும் கண்ணாடியை இறக்கவில்லை.
புதுக்கோட்டை விளக்குகள் வந்ததும்
மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன்:
வே?

"டிக்கெட்டா? யாருக்கு?"

அது இல்லை. இன்னொன்று.
அன்னிக்குத் தொண்டி போறப்ப அம்மா சொன்னது.

லாரி ஒன்று முந்திப் போகும்வரை அவள் பேசவில்லை.

"நீ ஏத்திச் சொல்றே. ஏத்தினா டிக்கெட்.
இறக்கிச் சொல்லு.
மாடிப்படி இறங்குற மாதிரி."

வே.

"இன்னும்."

வே.

திருமயம் கோட்டை இருட்டில் எங்கேயோ போய்விட்டது.

"இன்னும் கொஞ்சம்" என்றாள்.