ஏழரைக்கு வந்த கடைசிப் பாகம்

திங்கட்கிழமை காலை ஏழரைக்குத்தான்
எங்கள் நேரத்துக்கு அது வரும்.
ஏழரை என்றாலே சனிதான் என்றாள் துவாரகி,
வார்ட்டில் இரவு வேலை முடிந்து வந்து
பாயில் சரிந்தபடி.
உவர்மலையில் மெல்வினின் வாடகை அறை.
மடிக்கணினி அரிசி வாளியின் மேல்.
கிண்ணியாவிலிருந்து பாலம் தாண்டி வந்த றிஸ்மி
ஹெல்மெட்டை மடியில் வைத்தபடியே
எட்டாம் பாகம் முழுக்கப் பார்த்தான்,
பாதியில் எழும்பி ஓடப்போகிறவன் போல.

மூல நாடகத்துக்கு அறுபது வருடம் முந்திய கதை.
உப்பு நகரத்து ராணி ஓர்வா,
அவளுக்கு இரண்டு தம்பிகள்,
மூவருக்கும் ஒரே ஒரு கடல்நாகம்.
யார் யார் சாவார்கள் என்று
எங்களுக்கு ஆறு வருடமாகத் தெரியும்.
மூலத்தில் அவர்களெல்லாம்
சுவரில் கறுத்துப்போன சித்திரம்,
வெறியில் ஒருவன் உளறும் இரண்டு வரி.
அந்த இரண்டு வரியை
எட்டு மணித்தியாலமாக இழுத்தார்கள்.
நாங்களும் நகம் கடித்தோம்,
இந்த முறை தப்பிவிடுவார்கள் என்பது போல.

மெல்வின் மட்டும் மூலத்தைப் பார்க்காதவன்.
அப்படித்தான் சொல்லியிருந்தான்.
அவனுக்கு முன்னால் எதையும் உளறுவதில்லை என்று
முதல் வாரமே எங்களுக்குள் சத்தியம்.

பத்து மணிக்கு, கோட்டை வாசலடி, பிளேன்டீ.
"சாவி தம்பியிட்ட இருந்தது மச்சான்,
அவள் எப்படிக் கதவைத் திறந்தாள்?
எழுதினவனுக்கே மறந்து போச்சு"
என்று றிஸ்மி மேசையில் குத்தினான்.
"வெளியில பிள்ளை அழுதால்
எந்தக் கதவும் திறக்கும்" என்றாள் துவாரகி,
கண்ணைத் திறக்காமலே.
நாகத்துக்குக் காசு முடிந்துவிட்டது,
அதுதான் கடைசிச் சண்டை முழுக்க இருட்டு
என்றேன் நான்.
ஒரு மான் வந்து
ரோல்ஸ் சுற்றிய கடதாசியைத் தின்றது.
எண்ணெய்க் கறை இருந்த பக்கத்தை முதலில்.

கடைசிக் காட்சியில் அந்தப் பையன், லீன்,
ஆறு வயது,
தோணியில் கம்பளிக்குள் இருந்து
விடியும் கரையைப் பார்த்துச் சிரிக்கிறான்.
அதோடு திரை கறுத்தது.

"அப்ப பெடியன் தப்பிட்டான்" என்றான் மெல்வின்.
"இனி அவனுக்கு எல்லாம் நல்லதுதானே?"

றிஸ்மி பெற்றோல் விலை பற்றிக் கதைக்கத் தொடங்கினான்.
துவாரகி உள்ளங்கைச் சீனியை நக்கினாள்.
அந்தப் பையன் வளர்ந்து
அதே துறைமுகத்தைத் தன் கையால் கொளுத்துவதை
நாங்கள் மூவரும்
தேத்தண்ணியோடு விழுங்கினோம்.

மேசையில் மெல்வினின் போன் ஒருதரம் ஒளிர்ந்தது.
அதன் முகப்பில் எப்போதும் ஒரே படம்:
டச்சுக்குடாவில் ஒரு வீடு,
சிவப்புத் தொப்பியோடு நாலு வயது மெல்வின்,
வெட்டாத கேக்,
சித்திகள் இருவர், பல் தெரிய.
படமெடுத்த அம்மா
மூலையில் ஒரு பெருவிரலாக மட்டும்.
பின்னால் கலண்டர். டிசம்பர். இருபத்தைந்து.
பிறகு என்ன என்று
நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.
இந்த ஊரில் யாரும் கேட்கத் தேவையில்லை.
அந்தப் படத்துக்குள் மட்டும்
அடுத்த காலை இன்னும் வரவில்லை.

எழும்பினோம். றிஸ்மி பைக்கை உதைத்தான்,
அது இருமியது, திரும்ப உதைத்தான்.
துவாரகி நின்றபடியே தூங்கினாள்.
மெல்வின் குடாவின் பக்கம் திரும்பி,
யாருக்கும் இல்லாமல்,
"சாம்பலரசன் சிரிக்கிறதை
இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்றான்.

லீனுக்கு மூலத்தில்தான் அந்தப் பெயர்.
இந்த எட்டுப் பாகத்தில் ஓரிடத்திலும் இல்லை.
நாங்கள் யாரும் அதை அவனுக்குச் சொன்னதுமில்லை.

நான் மிச்சக்காசை எண்ணினேன்.
சரியாகத்தான் இருந்தது.
இன்னொருதரம் எண்ணினேன்.