பின்பக்கம் இல்லாத சாமி

சொல்லியடிச்சான் கோயிலில்
சுற்றி வர வழி கிடையாது.
முன்னால் நின்று கும்பிட்டு
முகம் காட்டியபடியே
பின்வாங்கி வெளியேற வேண்டும்.
சாமிக்கு முதுகு இல்லை என்பது ஐதீகம்.

ஊத்தான் மெலிந்தாங் தாண்டி
செம்பனையின் கடைசி நிரையும்
ஆலைக் கழிவுநீர்க் குட்டையும் சந்திக்கிற மூலையில்
தகரக் கூரை, ஒரு நெட்டைக் கல்.
மீசை மட்டும் வருஷாவருஷம்
எனாமல் பெயிண்டில் கறுப்பாகும்.
சொல்லாமல் அடிக்காதே.
தூங்குகிறவனை, தின்கிறவனை,
பிள்ளை தூக்கி நிற்கிறவனை,
முதுகு காட்டுகிறவனை அடிக்காதே.
பகை என்றால் எலுமிச்சம்பழம் கொண்டுபோய்
அவன் கையில் வை, நாளைச் சொல்.
வாங்கிக்கொண்டவன் ஓடக் கூடாது.

கூலி கூட்டச் சொல்லி வேலையை நிறுத்தியவர்கள்
அந்தக் காலத்தில் துரைக்கே பழம் அனுப்பினார்களாம்.
துரை அதை ஜின்னில் பிழிந்து குடித்தானாம்.

என் தம்பி நவிந்திரன்
பாசார் மாலாமில் ஆப்பம் பாலிக் வாங்க
வரிசையில் நின்றான்.
மூன்று வெட்டும் முதுகில்.
ஆஸ்பத்திரியில் குப்புறப் போட்டே காட்டினார்கள்.
வரிசையில் இருந்த பதினோரு பேரும்
மாவு வேகிறதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று
போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள்.

நான் ஆலையில் எடைமேடைக் கிராணி.
குலை லாரி ஏறும், எழுதுவேன்.
காலியாகித் திரும்பும், எழுதுவேன்.
கழித்தால் வருவது சரியான எடை.
தம்பிக்குப் பிறகு
வீட்டில் எதைக் கழித்தும் எதுவும் வரவில்லை.

ஒரு செவ்வாய் மத்தியானம்
ஜீவரத்தினம் வீட்டுக்குப் போனேன்.
மோட்டார் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவன்
கையைத் துடைத்துவிட்டுப் பழத்தை வாங்கினான்.
"என்னிக்கு?"
"வர்ற பௌர்ணமி. நாலு மணி."
"அன்னிக்கு எனக்கு லோட் இருக்கு," என்றான்.
கொஞ்சம் யோசித்து,
"மாத்திக்கிறேன்."

பதினேழு நாள்.
ஓடிவிடட்டும் என்று பாதி மனசு வேண்டியது.
பதினேழு நாளும் அவன் லாரி என் மேடையில் ஏறியது.
ஒரு கிலோகூட நான் குறைக்கவில்லை.

நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வந்தான்.
தேய்த்த சட்டை. வெறுங்கை.
சாமிக்கு ஒரு கும்பிடு.
என்னைப் பார்த்தான்.
பிறகு திரும்பி நின்றுகொண்டான்.
தோள்பட்டைகளுக்கு நடுவே வேர்வை
வெற்றிலைபோல் அகன்றது.

"திரும்புடா."
திரும்பவில்லை.
கடனைக் கட்டுகிறானா,
சட்டம் தெரிந்து ஒளிந்துகொள்கிறானா,
இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.
"மூஞ்சியக் காட்டுடா நாயே."
தகரத்தில் மழை பிடித்துக்கொண்டது.
என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

யாரும் செய்யாததைச் செய்தேன்.
கல்லைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனேன்.

முதுகு இருந்தது.
உளி படாமல், பாசி படர்ந்து, எறும்பு ஏறி.
அடியில், சருகுக்குள்,
பாராங்குகள்.
துருவேறி ஒன்றோடொன்று ஒட்டியவை,
பிடி உளுத்தவை,
ரப்பர் காலத்துப் பால்கத்தி ஒன்று,
விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காத புதுசு ஒன்று.
இருபத்தாறு.
எண்ணுவது என் தொழில்.

சாப்பாட்டுக் கடையில் மீசை முறுக்குகிற
எத்தனை பேர் ராத்திரியில் வந்து போனார்களோ!
ஒவ்வொருத்தனும்
தன்னுடையது மட்டும்தான் என்று நினைத்திருப்பான்.

வெறுங்கையோடு முன்பக்கம் வந்தேன்.
அவன் அப்படியே நனைந்துகொண்டிருந்தான்.
"மழை விட்டதும் போ," என்றேன்.
மன்னித்தேன் என்று யாரும் எழுதிக்கொள்ள வேண்டாம்.

மறுநாள் காலை லாரி ஏறியது.
அவனையும் சேர்த்து
பதினோராயிரத்து நானூற்று இருபது கிலோ.
எழுதினேன்.