பன்னிரண்டாவது படகு

ஐயா,
சரக்குச் சீட்டில் ரப்பர் படகு பன்னிரண்டு.
கப்பலில் ஏறியதும் பன்னிரண்டுதான்.
முத்திரை ஏன் உடைந்தது என்று கேட்டிருக்கிறீர்கள்.

துறைமுகத்துக்குப் போன லாரி
கே.டி.சி. நகர் தாண்ட முடியாமல் நின்றது.
முன்னால் ரோடு இல்லை, தாமிரபரணி இருந்தது.
பின்னாலும் அதுதான்.
பெட்டியின் மேல் எழுதியிருந்ததை
டிரைவர் மாசானமுத்து டார்ச்சடித்து
எழுத்துக் கூட்டி வாசித்தான்:
வெள்ளத்தில் தவிக்கும் தீவு மக்களுக்கு
இந்திய மக்களின் அன்பளிப்பு.
"வெள்ளம் இருக்கு, மக்க இருக்கு,
தீவுக்கு என்னல கொறச்சல்?"
என்றான் கிளீனரிடம்.

ஜாக்கி லிவரால் நெம்பினார்கள்.
ஒன்றைத்தான் எடுத்தார்கள், ஐயா.
மற்ற பதினொன்றையும் நானே எண்ணினேன்.
விடியவிடிய அது போய்ப்போய் வந்தது
மாடிக்கும் மேட்டுக்குமாக:
ஒரு நிறைமாதக்காரி,
இரண்டு ஆடு,
டயாலிசிஸ் ஃபைலை நெஞ்சோடு பிடித்தபடி
ஒரு கணக்கு வாத்தியார்.
யார் வீட்டு கேட் கம்பியோ கிழித்துவிட்டது.

தண்ணீர் வடிந்ததும்
வண்ணார்பேட்டை பஞ்சர் கடை ரஹ்மத்துல்லா
ஒட்டிக் கொடுத்தார்.
காசு வாங்கவில்லை,
அதனால் ரசீது இல்லை.

தீவிலிருந்து நேற்று ஒப்புகை வந்தது.
பன்னிரண்டும் சேர்ந்தன.
ஒன்றில் ஒட்டு இருக்கிறது.
போன வாரப் புயலில்
கைக்கு முதலில் வந்தது அதுதான்;
ஒட்டு தாங்கியது.
உள்மடிப்பில் ஒரு சின்னச் செருப்பு,
இடது கால்,
காயவைத்து எடுத்து வைத்திருக்கிறோம்.
யாருக்கு அனுப்ப வேண்டும்?

விலாசம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன், ஐயா.
அதுவரை இந்தக் கோப்பை
மூட வேண்டாம்.