கேட் போட்டிருக்கிறது

முதல் நாளே தாமதம்.
கொருக்குப்பேட்டையில் கேட் போட்டுவிட்டான் என்றேன்.
ஓசூரிலிருந்து வந்தவனுக்குப் புரியவில்லை.
யார் போட்டது, எதை, என்று கேட்டான்.

கோடைக்கால ஓவிய வடிவமைப்புப் பயிற்சி,
ஆறு வாரம், ராயபுரத்தில்,
முன்பு வெங்காயம் அடுக்கிய கிடங்கு ஒன்றில்.
மின்விசிறியைப் போட்டால்
மூலைகளிலிருந்து இன்னும் சருகு எழும்.
மற்ற பதினேழு பேரும் பெரிய நகரத்துக்கு வந்திருந்தார்கள்.
நான் ஷேர் ஆட்டோவில் வந்திருந்தேன்.

முதல் சனிக்கிழமை எல்லோரும் கேமராவோடு கிளம்பி
எங்கள் தெருப் பக்கம் வந்தார்கள்.
துருவேறிய ஷட்டர், கயிற்றில் காயும் நைட்டி,
தண்ணீர் லாரிக்காக வரிசையில் நிற்கும் குடங்கள்.
திங்களன்று சுவரில் ஒட்டி
டெக்ஸ்சர் என்றார்கள்.
அதில் நசுங்கிய பச்சைக் குடம் எங்களுடையது.
சொல்லவில்லை.
குடம் அழகாகத்தான் இருந்தது.

இரண்டாம் வாரம் மிருணாளினி
ஒரு நாற்காலியை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.
"இதை வரையாதீங்க.
கால்களுக்கு நடுவுல இருக்கிற காத்தை வரைங்க."
சிரித்தோம்.
காசிமேட்டு ஹெப்சிபா மட்டும் சிரிக்கவில்லை.
"வலையில கண்ணைத்தான் அளப்பாங்க,
நூலை இல்ல" என்று பென்சிலைச் சீவினாள்.

என் காற்று நாற்காலியாகவே வந்தது.
நான்கு தாள் கிழித்தேன். தாள் பன்னிரண்டு ரூபாய்.
கட்டணத்தில் பாதி அண்ணனின் பைக் தவணை.
அந்த மாதம் முழுக்க
ஃபைனான்ஸ்காரன் கண்ணில் படாமல்
வண்டியை மசூதிச் சந்தில் நிறுத்தினான்.

மறுநாள் மறுபடி கேட்.
சரக்கு வண்டி, எந்த அவசரமும் இல்லாதது.
பலனில்லை என்று தெரிந்தும்
ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.
சைக்கிளைச் சாய்த்துக் கம்பிக்கடியில் நுழைந்தவனை
கேட்கீப்பர் பெயர் சொல்லித் திட்டினார்.
பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே
அந்தப் பக்கம் ஒரு நொடி தெரிந்தது.

ஒரு முழங்கை.
பெட்டி.
பால் கேன் மூடி, அதன்மேல் வெயில்.
பெட்டி.
முழங்கை இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் பை.
பெட்டி.
கொட்டாவி விடும் பெண், பாதிக் கொட்டாவி.
பெட்டி.
மீதி.

மருந்துக்கடை பில்லின் பின்பக்கம் வரைந்தேன்,
அது தீர்ந்ததும் உள்ளங்கையில்.
அன்றிலிருந்து பத்து நிமிடம் முன்னதாகவே கிளம்பினேன்,
கேட் போடுவதற்குள் தாண்டிவிட அல்ல,
போடும்போது அங்கே நிற்க.
திறந்திருந்த நாட்களில்
யாரோ வருகிறேன் என்று வராமல் போனதுபோல் இருந்தது.

கடைசி நாள் காட்சி.
இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே
நீளமாக ஒட்டிய ஒரே தாள்.
நாற்பத்தொரு இடைவெளிகள்.
பெட்டிகள் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறும் வெள்ளை.
பார்வையிட வந்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
"ரயில் எங்கேம்மா?" என்றார்.
"போயிடுச்சு சார்."
கூடம் முழுக்கச் சிரிப்பு.
நான் கேட்டதற்குத்தான் பதில் சொன்னேன்.
அவர் ஏதோ எழுதிக்கொண்டார்.
தலைகீழாகப் படித்தவரை, நிறம் போதாது.

ஆறு மணிக்கு அண்ணன் வந்தான்,
துறைமுக கேட்பாஸ் கழுத்தில் தொங்க,
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு,
எங்கே தொட்டால் அழுக்காகுமோ என்று.
தாளைத் தப்பான முனையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தான்.
நடுவில் நின்றான்.
"ஏய், இது நம்ம கேட்டு."
இன்னும் நாலடி.
கட்டிய கை தானாக அவிழ்ந்து
பால் கேனின்மேல் விரல் வைத்தது.
"இவன் ஏகாம்பரம்தானே?
எனக்கு முன்னூறு ரூபா தரணும்."

இருபது நாள் அந்த மூடியை வரைந்திருக்கிறேன்.
பெயர் அன்றைக்குத்தான் தெரியும்.